ஆயுத பூஜையன்று நின்ற ஓட்டம்

பினாங்கு ஜெலுத்தோங்கில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடி வீட்டில், நம்பிப் பயன்படுத்தக்கூடிய பிளக் பாயிண்ட் ஹாலில் ஒன்றே ஒன்றுதான். அதற்கு நேர் மேலே சாமி அலமாரி. ஆகவே என் கணினி சாமிக்குக் கீழே உட்கார்ந்திருந்தது. பக்தியால் அங்கே வைக்கவில்லை, வேறு இடமில்லாமல் வைத்தது. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் படிப்பைச் சாமி காலடியில் வைத்திருக்கிறாயே என்று பாராட்டிவிட்டுத்தான் உட்காருவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சிரித்துவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போவேன்.

அந்தக் கணினியில் பல வாரங்களாக ஒரே வேலைதான் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நோய்க்கிருமியின் புரதம், அதைச் சுற்றித் தண்ணீர், புரதத்தின் நடுவில் ஒரு குழி, குழிக்குள் ஒரு சின்ன மூலக்கூறு. அந்த மூலக்கூறு என்றைக்காவது மருந்தாகும் என்றால், முதலில் அது அந்தக் குழிக்குள் நிலையாக உட்கார வேண்டும். உட்காருமா என்று பார்ப்பதுதான் என் ஆராய்ச்சி. ஒவ்வோர் அணுவையும் மற்ற அணுக்கள் எந்தப் பக்கம் தள்ளுகின்றன, எந்தப் பக்கம் இழுக்கின்றன என்று கணக்குப் போட்டு, எல்லாவற்றையும் ஒரு துளி நகர்த்தி, மறுபடியும் கணக்குப் போட்டு, மறுபடியும் நகர்த்துவது கணினியின் வேலை. இதை நாங்கள் ஓட்டம் என்போம். கணினி வாரக்கணக்கில் ஓடினாலும், அந்த மூலக்கூறுக்கு உள்ளே கண் இமைக்கும் நேரம்கூட ஆகியிருக்காது.

என் முனைவர் பட்டம் எப்போதோ முடிந்திருக்க வேண்டியது. கால நீட்டிப்புக்கு மேல் கால நீட்டிப்பு வாங்கி, இதுதான் கடைசி, இதற்குமேல் கேட்காதே என்று சொல்லிவிட்டார்கள். வருடக் கடைசிக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. கையெழுத்துப் போட வேண்டிய பேராசிரியர் ஒரே நிபந்தனைதான் வைத்தார். மூன்று ஓட்டங்கள் வேண்டும், மூன்றிலும் மூலக்கூறு குழிக்குள் இருக்க வேண்டும். இரண்டு ஓட்டங்கள் பல்கலைக்கழகத்தின் பெரிய கணினியில் நல்லபடியாக முடிந்திருந்தன. மூன்றாவதுக்கு அங்கே இடம் கிடைக்கவில்லை. கால நீட்டிப்பில் இருப்பவர்களை வரிசையின் வாலில் கட்டிவிடுவார்கள். அதனால்தான் என் கணவர் யாரோ கேம் விளையாட வாங்கி அலுத்துப்போன ஒரு கணினியைப் பாதி விலைக்குப் பிடித்துக்கொண்டு வந்தார்.

பட்டம் கிடைத்தால் கோலாலம்பூரில் ஒரு ஆய்வகத்தில் வேலை காத்திருந்தது. வருடம் முடியும்வரை காத்திருப்போம் என்று சொல்லியிருந்தார்கள். அந்த வேலை கிடைத்தால் நாங்கள் இருவரும் அங்கே போய்விடுவது என்று பேசி வைத்திருந்தோம். எனக்கு அந்த வீட்டிலிருந்து வெளியே போக வேண்டும். இதைச் சுற்றி வளைத்துச் சொல்வதில் அர்த்தமில்லை. என் மாமனார் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும். ஆனால் நான் குளிப்பதும் சாப்பிடுவதும் கணினியைப் பார்ப்பதும் பெருமூச்சு விடுவதும் எல்லாம் அந்த ஹாலுக்குள் அவர் கண் முன்னால்தான் நடந்தது. நான் கதவைச் சாத்திக்கொண்டு யோசித்த நாள் ஒன்று கூடக் கிடையாது.

மாமனார் ஜெலுத்தோங்கிலேயே ஒரு பட்டறையில் கடைசல் இயந்திரம் ஓட்டி ஓய்வு பெற்றவர். என் மாமியார் எங்கள் கல்யாணத்துக்கு முன்பே தவறிவிட்டார். அதன் பிறகு வீட்டுப் பூஜை எல்லாம் மாமனார் பொறுப்பு. மற்றப் பண்டிகைகளில் கொஞ்சம் முன்பின் இருந்தாலும் ஆயுத பூஜையில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டார். வருடம் முழுக்க உழைக்கிற ஆயுதத்துக்கு அன்று ஓய்வு. துடைத்து, பொட்டு வைத்து, நிறுத்திவிட வேண்டும். மறுநாள் விஜயதசமி காலையில்தான் மறுபடி எடுக்க வேண்டும். பட்டறையில் இருந்த காலத்தில் முதலாளியே அன்றைக்கு மெயின் சுவிட்சில் கை வைக்கத் தயங்குவாராம்.

பூஜைக்குச் சில நாள் முன்னால் அவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். இந்த மெஷினை நிறுத்தினால் முதலிலிருந்து ஓட்ட வேண்டுமா, விட்ட இடத்திலிருந்து ஓடுமா என்று. நான் அப்போது மாணவர்களின் பரிசோதனைக் குறிப்புகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். விட்ட இடத்திலிருந்து ஓடும் மாமா, அது தானாகவே சேவ் பண்ணிக்கொள்ளும் என்று தலையைத் தூக்காமல் சொன்னேன். அது பொய்யில்லை. என்ன யோசித்து இதைக் கேட்கிறார் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும், தோன்றவில்லை.

சரஸ்வதி பூஜைக்கு இங்கே விடுமுறை கிடையாது. என் கணவர் புக்கிட் தெங்கா தொழிற்சாலைக்குக் காலை ஷிப்டுக்குப் போய்விட்டார். வேலைக்குப் போக வேண்டும் என்பதால் அவருடைய மோட்டார் சைக்கிளுக்கு மட்டும் மாமனார் விலக்குக் கொடுத்து, முதல் நாள் மாலையே பொட்டு வைத்து அனுப்பிவிட்டார். நான் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளின் செய்முறை வகுப்புக்குப் போய்விட்டு மதியம் பஸ் பிடித்து வந்தேன். கதவைத் திறந்ததும் ஏதோ குறைகிறது என்று தெரிந்தது. என்னவென்று புரிய ஒரு கணம் ஆனது. கணினியின் விசிறி இரைச்சல் இல்லை.

ஹாலின் நடுவில் பலகை போட்டு, அதன்மேல் மஞ்சள் துணி விரித்து, என் கணினியை நடுநாயகமாக உட்கார வைத்திருந்தார். ஒரு பக்கம் அவருடைய பழைய வெர்னியர் அளவுகோல், ஸ்பேனர்கள், மறு பக்கம் என் புத்தகங்கள். கணினியின் நெற்றியில் மூன்று விரல் சந்தனம். ஆன் செய்கிற பொத்தானில் அளவெடுத்தாற்போல் குங்குமம்.

"இந்த வருசம் ஒன் மெஷின்தான் மா நடுவுல," என்றார். முகமெல்லாம் சிரிப்பு.

எப்படி நிறுத்தினீர்கள் என்று கேட்டேன். பொத்தானை அமுக்கிப் பிடித்தாராம். முதலில் கேட்கவில்லையாம். விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாராம், பிறகு அடங்கிவிட்டதாம்.

ஓட்டம் கால் மணி நேரத்துக்கு ஒருமுறை தன் நிலையை ஒரு கோப்பில் எழுதி வைக்கும். ஒவ்வோர் அணுவும் எங்கே இருந்தது, எந்தப் பக்கம் என்ன வேகத்தில் போய்க்கொண்டிருந்தது என்று எல்லாம் அதில் இருக்கும். அதற்குச் செக்பாயிண்ட் என்று பெயர். அந்தக் கோப்பு நன்றாக இருந்தால் எதுவும் நடக்காததுபோலத் தொடரலாம். எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போனால் கோப்பு உடைந்துவிடலாம். போதாக்குறைக்கு ஹார்டு டிஸ்கிலும் ஏதாவது கெட்டிருக்கலாம். மாமனார் பொத்தானை அமுக்கிய அந்த நேரத்தில் கணினி என்ன செய்துகொண்டிருந்தது என்பது திறந்து பார்த்தால்தான் தெரியும்.

திறந்து பார்க்க வேண்டும் என்றேன். அவர் சிரிப்பு மாறாமல், நாளைக்கு விஜயதசமி, காலையில் பூஜை முடித்துத் திறந்துகொள்ளலாம் என்றார். நீதானே சொன்னாய், விட்ட இடத்திலிருந்து ஓடும் என்று. அப்புறம் என்ன அவசரம் என்பதுபோல் பார்த்தார்.

பொத்தான் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. யாரும் என் கையைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. அதுதான் கொடுமை. பிடித்துக்கொண்டிருந்தால் உதறியிருப்பேன். சந்தனத்தை அழித்துவிட்டு, விளக்குக்கு முன்னால் மண்டியிட்டு, அந்த மனிதர் பார்த்துக்கொண்டிருக்க அந்தக் குங்குமத்தின்மேல் விரல் வைத்து அமுக்க என்னால் முடியவில்லை. முடியாத என்மேல் வந்த கோபத்தை எல்லாம் அவர்மேல் திருப்பிவிட்டு, சுண்டல் தாளிக்கப் போனேன்.

சாயந்திரம் ஆயர் ஈத்தாமிலிருந்து என் நாத்தனார் வந்தார். என் கணவருக்கு அக்கா. பக்கத்து வீடுகளிலிருந்தும் சிலர் வந்தார்கள். எல்லாரும் கணினியைக் கும்பிட்டார்கள். எல்லாரும் படிப்பு எப்போது முடியும் என்று கேட்டார்கள். நான் அவல் பொரியை எடுத்துக்கொடுத்தபடி சீக்கிரம், சீக்கிரம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த உலோகப் பெட்டிக்குள் என் பட்டம் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல், அதற்குக் கற்பூரம் காட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் கணவர் வேலை முடிந்து வந்து என் முகத்தைப் பார்த்ததும் விஷயத்தைப் புரிந்துகொண்டார். "அப்பாகிட்ட ஒன்னும் சொல்லாத லா. காலைலதானே," என்று அடுப்படியில் முணுமுணுத்தார். அவருக்கு எல்லாமே காலையில்தான்.

விஜயதசமி காலை பூஜை முடிந்தது. மாமனார் தன் ஸ்பேனரை ஒருமுறை எடுத்து ஜன்னல் கம்பியில் ஒரு போல்ட்டைத் திருகிவிட்டு வைத்தார். புத்தகங்களை நாங்கள் ஆளுக்கு ஒரு வரி படித்தோம். பிறகு கணினி. முதலில் பிள்ளையார் சுழி போட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும் என்றார். கட்டளைகள் தட்டும் கறுப்புத் திரையில் பிள்ளையார் சுழியை எங்கே போடுவது? ஒரு வழி இருந்தது. # என்ற கட்டக் குறியைப் போட்டுவிட்டால் அந்த வரியில் அதன் பிறகு என்ன எழுதினாலும் கணினி கண்டுகொள்ளாது. அந்தக் குறியைப் போட்டு, அதற்குப் பின்னால் உ என்று தட்டினேன். கணினி கண்டுகொள்ளவில்லை. மாமனார் திருப்தியாகத் தலையாட்டினார்.

பிறகு கோப்புகளைப் பார்த்தேன். கடைசிச் செக்பாயிண்ட் இருந்தது. அதன் அளவு பூஜ்ஜியம். பெயர் மட்டும் இருந்தது, உள்ளே ஒன்றுமில்லை. என் வாயிலிருந்து ஏதோ சத்தம் வந்திருக்க வேண்டும். மாமனார் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, என்ன மா, என்ன மா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் கோப்புப் பட்டியலைக் கீழே தள்ளிக்கொண்டே போனேன். நல்ல வேளையாக இந்த மென்பொருள் புதிய செக்பாயிண்டை எழுதும்போது அதற்கு முந்தியதை அழிக்காமல் வேறு பெயரில் ஒதுக்கி வைக்கும். அது முழுசாக இருந்தது. எல்லாவற்றையும் முதலில் இன்னோர் இடத்தில் நகல் எடுத்துக்கொண்டேன். ஓட்டத்தைத் தொடங்கும்போது ஒரு சொல்லைத் தவறாகக் கொடுத்தால், அது அணுக்களின் வேகங்களை எல்லாம் தூக்கி எறிந்துவிட்டுத் தன் இஷ்டத்துக்குப் புதிதாகக் கொடுத்துவிடும். அப்புறம் அது தொடர்ச்சி இல்லை, வேறு ஓட்டம். ஆகவே ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினேன்.

விசிறி இரைந்தது. பதிவுக் கோப்பில் வரிகள் ஓடத் தொடங்கின. வெப்பநிலை, அழுத்தம், மொத்த ஆற்றல் என்று ஒவ்வொன்றாக, நிற்பதற்கு முன் இருந்ததோடு வைத்துப் பார்த்தேன். ஒட்டுப்போட்ட தடமே தெரியவில்லை.

"ஒன்னும் கெடல மாமா. விட்ட எடத்துலேருந்து ஓடுது," என்றேன்.

அவர் நம்பவில்லை. பூஜ்ஜியத்தைப் பார்த்தபோது என் முகம் போன போக்கை அவர் பார்த்துவிட்டார். அதற்குப் பிறகு நான் எத்தனை முறை சொன்னாலும் மரியாதைக்காகச் சொல்கிறேன் என்றே எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து ஆரம்பித்தது அவருடைய பிராயச்சித்தம். குற்றத்தைக்கூடத் தாங்கிவிடலாம், இதைத் தாங்க முடியவில்லை.

கணினிக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு காவலுக்கு உட்கார்ந்துவிட்டார். அது ஓடும்போது துணி துவைக்கும் இயந்திரத்தைப் போடக்கூடாது, இஸ்திரி போடக்கூடாது, கரண்ட் இழுத்துவிடுமாம். காலையில் பசாருக்குப் போய்ச் சிநேகிதர்களோடு காப்பி குடிப்பதை நிறுத்தினார். மதியத் தூக்கத்தை நிறுத்தினார். பினாங்கில் மழை கேட்டா வருகிறது? ஒவ்வோர் இடிக்கும் எழுந்து நின்று கணினியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பார். வீட்டுக்கு வருகிறவர்களிடம், நான்தான் அறிவில்லாமல் நிறுத்திவிட்டேன், பாவம் பிள்ளையின் படிப்பு என்று ஆரம்பித்துவிடுவார். என் நாத்தனார் வழியாக அது ஆயர் ஈத்தாம் வரைக்கும் போய்விட்டது. முன்பு நான் திரையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டால் யாரும் கேட்க மாட்டார்கள். இப்போது விட்டால், "ஓடுதா மா?" என்று கேள்வி வரும். நான் பெருமூச்சு விடுவதையே விட்டுவிட்டேன்.

ஓட்டம் என்னவோ ஓடியது. முந்திய செக்பாயிண்டிலிருந்து தொடங்கியதால், நிற்பதற்கு முன் நடந்த கொஞ்ச நேரத்தை அது மறுபடியும் நடந்து பார்த்தது. நகல் எடுத்து வைத்திருந்த பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஆரம்பம் அச்சு அசல் ஒன்று. பிறகு ஒரு நீர் மூலக்கூறு பழையதில் இடது பக்கம் திரும்பியது, புதியதில் கொஞ்சம் தாமதித்துத் திரும்பியது. அதன் பிறகு இரண்டும் வேறு வேறு. இது எதிர்பார்த்ததுதான். கூட்டல்களை ஒருமுறை இந்த வரிசையிலும் இன்னொரு முறை அந்த வரிசையிலும் செய்தால் தசமத்தின் கடைசி இலக்கம் லேசாக மாறும். அந்த லேசு போதும். இரண்டு பாதையும் சரியான பாதைதான், ஒன்று அசல் மற்றது போலி என்று கிடையாது. பாடத்தில் இதை நானே பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன்.

சில வாரம் கழித்து ஒரு காலையில் படங்களைத் திறந்து பார்த்தேன். குழிக்குள் மூலக்கூறு இல்லை.

முதலில் நான் தப்பாகப் பார்க்கிறேன் என்று நினைத்தேன். இந்த ஓட்டங்களில் நாங்கள் கட்டும் தண்ணீர்ப் பெட்டிக்குச் சுவர் கிடையாது. வலது பக்கம் வெளியேறுவது அப்படியே இடது பக்கம் உள்ளே வரும். படகுத்துறையில் ஏற்றி ஊரைச் சுற்றிவிட்டு மறுபடி படகுத்துறையிலேயே இறக்கிவிடும் பஸ் மாதிரி. அதனால் சில நேரம் படத்தில் மூலக்கூறு புரதத்தை விட்டு எங்கோ போனதுபோலத் தெரியும், உண்மையில் போயிருக்காது. அதைச் சரிசெய்து பார்த்தேன். இல்லை, இது உண்மையாகவே போய்விட்டிருந்தது. குழியின் வாசலில் ஒரு வளையம் அசைந்து வழி விட்டது, தண்ணீர் உள்ளே நுழைந்தது, மூலக்கூறு மெதுவாகப் புரண்டு வெளியே வந்தது. அதன் பிறகு தண்ணீருக்குள் அலைந்துகொண்டிருந்தது. இந்தப் பக்கம் போய், அந்தப் பக்கம் வந்து, மறுபடி இந்தப் பக்கம் போய்.

நான் வெளியே போக வேண்டுமானால் அது உள்ளேயே இருந்தாக வேண்டும். என் திட்டமே அதுதானே. அது போய்விட்டது, நான் ஹாலில் உட்கார்ந்திருந்தேன். அழக்கூட முடியாது, பக்கத்து நாற்காலியில் மாமனார். ஓடுகிறதா மா என்று கேட்டார். ஓடுகிறது மாமா என்றேன்.

பேராசிரியரிடம் காட்டினேன். அவர் அதிகம் யோசிக்கவில்லை. உடைந்த செக்பாயிண்ட், நடுவில் மின்தடை, மறுதொடக்கம். அதற்குப் பிறகு வந்ததை யார் நம்புவது என்று கேட்டார். நின்ற இடத்தோடு ஓட்டத்தை வெட்டிவிடு, மின்தடையால் முடிந்தது என்று எழுதிவிடு. அதுவரைக்கும் குழிக்குள்தானே இருந்தது, ஆக மூன்றும் ஒன்றுபோல. நான் கையெழுத்துப் போடுகிறேன் என்றார். அவர் அயோக்கியர் இல்லை. நான் முடித்துவிட்டுப் போக வேண்டும் என்று என்னைவிட அவருக்கு ஆசை. என் பெயர் அவருடைய வருடாந்தர அறிக்கையில் ஒரு கறை.

பூஜைக்கு வெகுநாள் முன்னால் எழுதப்பட்ட ஒரு செக்பாயிண்டை நான் தனியாக எடுத்து வைத்திருந்தேன். அதிலிருந்து ஒரு முறை, இடையில் நிறுத்தாமல், ஓட்டிப் பார்க்கிறேன் என்றேன். நேரமில்லை, தவிர உனக்கு வேண்டாத பதிலுக்கு எதற்குக் கேள்வி கேட்கிறாய் என்றார். நான் வீட்டுக்கு வந்து ஓட்டத்தைத் தொடங்கினேன். பக்கத்தில் ஆய்வேட்டின் மற்ற பகுதிகளை எழுதினேன். மாமனார் காவல் காத்தார். கரண்ட் ஒரு முறைகூடப் போகவில்லை, யாரும் எதையும் அமுக்கவில்லை. மூலக்கூறு இன்னொரு வழியாக, குழியின் பின்பக்கமாக, வெளியே போனது.

இதற்குமேல் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. அது உட்காராது. முதல் இரண்டு ஓட்டங்களில் அது கிளம்புவதற்குள் நான் பார்ப்பதை நிறுத்திவிட்டேன், அவ்வளவுதான். பூஜைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் இது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அன்று பேராசிரியர் தொலைபேசியில் அழைத்தார். முடிவு செய்துவிட்டாயா, வெட்டிவிட்டு அனுப்பு என்றார். ஹாலில்தான் பேசினேன், வேறு எங்கே பேசுவது. பேசி முடித்ததும் மாமனார் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஆங்கிலத்தில் பேசினாலும் முக்கால்வாசி அவருக்குப் புரிந்திருந்தது.

"பூஜையில நின்னுபோச்சின்னு எழுதுனா ஒனக்குப் பட்டம் குடுத்துருவாங்களா?"

ஆமாம் என்றேன்.

"அப்ப எழுது மா. மாமனார்தான் நிறுத்துனாருன்னே எழுது. எனக்கென்ன லா. எல்லாருக்கும்தான் தெரியுமே."

நான் அவரைப் பார்த்தேன். விளையாட்டாகச் சொல்லவில்லை. வாரக்கணக்கில் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, என்னை வெளியே அனுப்ப ஒரு வழியைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறார், இப்போது கிடைத்துவிட்டது என்று அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. எனக்கு ஆசையாக இருந்தது. மறைக்க ஒன்றுமில்லை, மிகவும் ஆசையாக இருந்தது. இரண்டு வரி எழுதினால் போதும். கோலாலம்பூரில் கதவு வைத்த ஓர் அறை. நான் நாலு நாள் அந்த இரண்டு வரியை எழுதி எழுதி அழித்தேன். எழுதி வைத்துவிட்டுச் சமைக்கப் போவேன், வெங்காயம் வதங்குவதற்குள் திரும்பி வந்து அழிப்பேன். என் கணவர், நீ எது செய்தாலும் எனக்குச் சரி என்றார். அதைக் கேட்டபோது அவரை எதைக்கொண்டு அடிக்கலாம் என்றுதான் தோன்றியது.

கடைசியில் நடந்ததை நடந்தபடியே எழுதினேன். நான் உத்தமி ஒன்றும் இல்லை. எனக்கு ஒரே ஓர் ஆள்தான் கண் முன்னால் வந்துகொண்டிருந்தாள். என் ஆய்வேட்டைப் படித்துவிட்டு, இந்த மூலக்கூறு உட்காரும் என்று நம்பி, எந்த ஊரிலோ எந்த வீட்டு ஹாலிலோ இதையே வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் உட்காரப்போகிற ஒருத்தி. அவளை நினைத்தால் எனக்கு இரக்கம் வரவில்லை, எரிச்சல் வந்தது. போதும், என்னோடு போகட்டும் என்று இருந்தது. நான்கு ஓட்டங்கள், இரண்டில் இருந்தது, இரண்டில் போனது, மறுதொடக்கம் காரணம் இல்லை என்று எழுதி, படங்களைச் சேர்த்து அனுப்பிவிட்டேன்.

பேராசிரியர் கையெழுத்துப் போடவில்லை. இது முடிந்த ஆய்வு இல்லை, இன்னும் பல ஓட்டங்கள் வேண்டும் என்று மிகவும் பண்பாக எழுதியிருந்தார். அதில் தவறும் இல்லை. உண்மையாகவே இன்னும் பல ஓட்டங்கள் வேண்டும். வருடம் முடிந்தது, பதிவு ரத்தானது. கோலாலம்பூரில் வேறு ஒருவரை எடுத்துக்கொண்டார்கள். விருப்பமிருந்தால் புதிதாக விண்ணப்பிக்கலாம் என்று பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது.

அதை வீட்டில் சாயந்திரச் சாப்பாட்டின்போது சொன்னேன். நாத்தனாரும் வந்திருந்தார். மாமனார் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, எல்லாம் என்னால் வந்தது என்று ஆரம்பித்தார். நாத்தனார் தலையாட்டினார். அவ்வளவுதான், எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. இத்தனை மாதத்தில் அவர் முகத்துக்கு நேராக நான் குரலை உயர்த்தியது அதுதான் முதல் முறை.

"மாமா, நீங்க நிறுத்துனதால எதுவும் கெடல. நிறுத்தாமயும் ஓட்டிப் பாத்துட்டேன், அப்பவும் அது போயிருச்சி. ஒங்களுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. இனிமே அப்படிச் சொல்லாதீங்க."

அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். இந்த முறை நம்பிவிட்டார் என்று தெரிந்தது. நம்பியதில் அவர் முகம் தெளியும் என்று நினைத்தேன், தெளியவில்லை. ரொம்பவும் கவலைப்பட்டவராக என் பக்கம் சாய்ந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டார்.

"அப்ப நீ யார் மேல மா கோவப்படுவ?"

பூஜையன்று மதியத்திலிருந்து நான் ஒரு வார்த்தைகூட வெளியே விடாமல் வைத்திருந்த கோபம் அவருக்கு முழுக்கத் தெரிந்திருக்கிறது. அதை வாங்கிக்கொள்ளத்தான் அந்த நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். எல்லாருக்கும் முன்னால் எனக்கு அழுகை வந்துவிட்டது. நாத்தனார் என்ன என்ன என்று கேட்டார், மாமனார் ஒன்றுமில்லை என்று சொல்லி என் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தார்.